சுறா புதிது, ஆண்டு பழசு

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை உள்ளவர்கள் படிக்கலாம்.

என்னிடம் வரலாறு படித்தவர்களுக்கு என்மேல் ஒரு பழைய கோபம் உண்டு. விடை முழுக்கச் சரியாக இருந்தாலும் ஆண்டு தப்பென்றால் அரை மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவேன். "ஒரு வருஷம் முன்னப்பின்ன இருந்தா என்ன சார்?" என்று கேட்காத வகுப்பே கிடையாது. 2024இல் இங்கிலாந்தின் பெரும்பணக்காரக் கலைஞர் ஒருவரைப் பற்றி எழுந்த சர்ச்சையும் இந்தக் கேள்விதான்.

அவர் டேமியன் ஹர்ஸ்ட். 1965இல் பிரிஸ்டலில் பிறந்தவர். லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரி மாணவராக இருந்தபோதே, 1988இல், துறைமுகப் பகுதியில் காலியாகக் கிடந்த ஒரு கட்டடத்தில் சக மாணவர்களின் படைப்புகளைச் சேர்த்து 'ஃப்ரீஸ்' என்ற கண்காட்சியை நடத்தினார். பிறகு விளம்பர உலகின் பெரும்புள்ளி சார்லஸ் சாட்சியின் ஆதரவு கிடைத்தது. அவர் கொடுத்த 50,000 பவுண்டில்தான் 1991இல் அந்தப் பேர்பெற்ற சுறா உருவானது. ஆஸ்திரேலியக் கடலில் பிடித்த புலிச்சுறா, பெரிய கண்ணாடித் தொட்டி, உள்ளே ஃபார்மலின். நம் பள்ளி ஆய்வகத்தில் தவளை மிதக்குமே, அதே சரக்கு. உயிரோடு இருக்கிறவன் மனதுக்குச் சாவு பிடிபடாது என்ற பொருளில் அதற்கு ஒரு நீளமான பெயர் வைத்தார்.

"இதெல்லாம் கலையா?" என்று கேட்பவர்களோடு நான் சேரமாட்டேன். வாயைப் பிளந்து உங்களை நோக்கி வருகிற மாதிரி ஒரு செத்த மீனை நிறுத்தி, ஒரு நொடி பயப்பட வைப்பது சின்ன விஷயம் இல்லை. படத்தில் பார்த்தாலே எனக்கு வயிறு கலங்குகிறது.

ஆனால் சுறா அழுகத் தொடங்கியது. தொட்டி கலங்கியது, தோல் சுருங்கியது. 2004இல் அமெரிக்க நிதி முதலீட்டாளர் ஸ்டீவன் கோஹென் அதைப் பல மில்லியன் டாலருக்கு வாங்கினார். 2006இல் பழைய சுறாவை எடுத்துவிட்டு வேறொரு சுறாவைத் தொட்டியில் வைத்தார்கள். படைப்பின் ஆண்டு மட்டும் 1991 என்றே நின்றது. இதில்கூட எனக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை. மாற்றியது ஊரறிந்த செய்தி, யாரும் மறைக்கவில்லை.

இனி சந்தைக்கு வருவோம். 2008 செப்டம்பர் 15, 16 தேதிகளில் ஹர்ஸ்ட் தம் புதிய படைப்புகளைக் கலைக்கூடங்கள் வழியாக விற்காமல், லண்டன் சோத்பிஸில் நேரடியாக ஏலத்துக்கு விட்டார். வரவு சுமார் 111 மில்லியன் பவுண்டு. தங்கக் கொம்பும் தங்கக் குளம்பும் வைத்த ஒரு கன்றுக்குட்டி மட்டும் 10 மில்லியனைத் தாண்டியது. அதே 15ஆம் தேதிதான் நியூயார்க்கில் லேமன் பிரதர்ஸ் திவாலானது! உலகமே நடுங்கிய நாளில் இவர் வீட்டில் தீபாவளி. அதற்குப் பிறகு வாங்கியவர்கள் மறுபடி விற்கப் போனபோது பலருக்குக் கையைச் சுட்டது. சரக்கு மிக அதிகம் என்பது தெரிந்துபோயிற்று.

இந்த இடத்தில்தான் ஆண்டு முக்கியமாகிறது. ஹர்ஸ்ட் பெயரெடுத்த காலம் 1990கள். அந்தக் காலத்துப் படைப்பு என்றால் சேகரிப்பவருக்கு அது வரலாற்றில் ஒரு துண்டு. பின்னாளில் செய்தது என்றால், பேர்பெற்ற பட்டறையிலிருந்து வந்த இன்னொரு உருப்படி.

2024 மார்ச்சில் 'கார்டியன்' ஒரு செய்தி வெளியிட்டது. 1990களின் ஆண்டுகளைச் சொல்லிக் காட்சிக்கு வைத்த மூன்று ஃபார்மலின் படைப்புகள் (ஒரு புறா, வெட்டிய ஒரு சுறா, இரண்டு கன்றுகள்) உண்மையில் 2017இல் இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயர் பட்டறையில் செய்தவை என்று. ஹர்ஸ்ட் தரப்பு தந்த விளக்கம்: இவை கருத்துக் கலை, நாங்கள் போடுவது கருத்து உதித்த ஆண்டு.

அடுத்து மே மாதம் இன்னொன்று. வண்ணப் புள்ளிகள் வைத்த 10,000 காகித ஓவியங்களை 2016 என்று ஆண்டிட்டு, 2021இல் ஒவ்வொன்றும் 2,000 டாலருக்கு விற்றிருந்தார்கள். காகிதம் வேண்டுமா, என்எஃப்டி என்ற டிஜிட்டல் உரிமை வேண்டுமா என்று வாங்கியவரே தேர்ந்தெடுக்கலாம். 5,149 பேர் காகிதம் என்றார்கள். மீதி 4,851 காகிதங்களையும் எரிப்பது என்று முடிவாகி, 2022 அக்டோபரில் கேமரா முன்னால் ஹர்ஸ்டே எரிக்கத் தொடங்கினார். அந்தப் பத்தாயிரத்தில் குறைந்தது ஆயிரமாவது 2018, 2019இல் வரைந்தவை என்று அதே நாளிதழ் எழுதியது. அதற்கும் ஏறக்குறைய அதே விளக்கம்தான்.

கருத்துக் கலை என்ற வாதத்தை நான் ஒரேயடியாகத் தள்ளவில்லை. 1990களில் போட்ட திட்டம் 2017இல் உருவெடுத்தால் திட்டத்தின் ஆண்டுக்கும் மதிப்பு உண்டு. ஆனால் கருத்து ஃபார்மலினில் மிதப்பதில்லையே! மிதப்பது கன்று. 1994 என்று படித்தவர் அந்தக் கன்று 1994இல் தொட்டிக்குள் போனது என்றுதான் நினைப்பார். அதை நினைத்துத்தான் பணத்தையும் கொடுப்பார்.

செம்பியன் மாதேவி காலத்தில் திருக்கோடிகாவல் கோயிலைக் கற்றளியாக எடுத்தபோது பழைய கல்வெட்டுகளைப் புதுச் சுவரில் திரும்ப வெட்டினார்கள். அப்படி வெட்டியவர்கள், இது பழைய கல்லின் படி என்பதையும் சேர்த்தே பொறித்தார்கள். ஆயிரம் வருஷம் கழித்துப் படிக்கிறவன் ஏமாறவில்லை. புகைப்படக்காரர்களுக்கும் இந்த வழக்கம் உண்டு. படம் எடுத்த ஆண்டு ஒன்று, அச்சிட்ட ஆண்டு ஒன்று என்று இரண்டையும் குறிப்பார்கள். ஹர்ஸ்டின் தொட்டிக்குப் பக்கத்திலும் ஒரு வரி கூடுதலாகப் போட்டிருந்தால் போதும்: கருத்து 1994, செய்தது 2017. விலை எவ்வளவு குறைந்திருக்கும் என்பதை வாங்குகிறவர்கள் முடிவுசெய்திருப்பார்கள்.

அரை மதிப்பெண் குறைத்ததற்கு இன்னும் என்னிடம் சண்டைக்கு வருகிற 1987 பேட்ச் மாணவர்கள் இருவர் இதைப் படிப்பார்கள் என்று தெரியும். கண்ணுகளா, அந்த அரை மதிப்பெண் கிடையாது.