ஜெனாவிலிருந்து கிராஸ்னகோர்ஸ்க் வரை: பழைய கைமுறை வில்லைகளும் பயண ஒளிப்படப் பகிர்வும் – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

அரை நூற்றாண்டுக்கு முன் உருவான கைமுறை வில்லைகளை இன்றைய டிஜிட்டல் ஒளிப்படக்கருவிகளில் பொருத்திப் பயணங்களில் படமெடுப்பதும், அப்படங்களை வில்லையின் பெயரோடு பகிர்ந்துகொள்வதும் ஆர்வலர்களிடையே பரவலான வழக்கமாக உள்ளன. இவ்வழக்கம் பழைமையின்மீதுள்ள பற்றாக மட்டுமே விளக்கப்படுவதுண்டு. ஜெர்மனியின் பயோட்டார் வில்லையும் அதன் சோவியத் வழித்தோன்றலான ஹீலியோஸ்-44 வில்லையும் கடந்துவந்த பாதையை முன்வைத்து, இவ்வழக்கத்திற்குப் போர், பொதுவான பொருத்துமுறை, கருவி அமைப்பில் நேர்ந்த மாற்றம் ஆகிய மூன்றும் அடிப்படையாக அமைந்தன என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: கைமுறை வில்லை, பயோட்டார், ஹீலியோஸ், எம்42 திருகு, ஆடியற்ற கருவி, பயண ஒளிப்படம்.

முன்னுரை

ஒளிப்படத்தை அதன் செய்முறைக் குறிப்புகளோடு பிறருக்கு அளிக்கும் வழக்கம் ஒளிப்படக் கலையின் தொடக்கக் காலத்திலேயே தோன்றிவிட்டது. 1850களில் லண்டன் ஒளிப்படச் சங்கத்தைச் சார்ந்த ஆர்வலர்கள் தங்களுக்குள் படப்பிரதிகளைப் பரிமாறிக்கொண்டு தொகுப்பேடுகளை உருவாக்கினர். நிலக்காட்சிகளும் பழங்கட்டடங்களும் அவற்றில் மிகுதியாக இடம்பெற்றன. இன்றைய ஆர்வலர் ஒருவர் தாம் கண்ட ஊரின் தெருவைப் படமெடுத்து, இன்ன வில்லை, இன்ன துளையளவு என்று குறித்துப் பகிரும்போது அம்மரபே தொடர்கிறது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. அன்றைய ஆர்வலர் தம் காலத்தின் சிறந்த கருவியைப் பயன்படுத்தினார். இன்றைய ஆர்வலரோ தம் காலம் கைவிட்ட கருவியைத் தேர்ந்தெடுக்கிறார். இத்தேர்வு எவ்வாறு இயன்றது என்பதே இங்கு ஆராயப்படும் வினா.

ஜெனாவின் கணக்குகள்

கார்ல் சைஸ் 1846இல் ஜெனா நகரில் தொடங்கிய பட்டறை, இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அபேயின் கோட்பாடுகளாலும், 1884இல் ஓட்டோ ஷாட்டோடு இணைந்து நிறுவப்பட்ட கண்ணாடித் தொழிற்சாலையாலும் ஒளியியலின் தலைமையிடமாக வளர்ந்தது. அங்குப் பணியாற்றிய பால் ருடால்ஃப் 1896இல் பிளேனார் வில்லையையும், 1902இல் டெஸ்ஸார் வில்லையையும் வடிவமைத்தார். பிளேனாரின் இருபுறச் சமச்சீர் அமைப்பிலிருந்து கிளைத்ததே வில்லி மெர்ட்டே 1920களில் உருவாக்கிய பயோட்டார் வரிசை. ஆறு கண்ணாடிகளை நான்கு தொகுதிகளாகக் கொண்ட 58 மி.மீ. பயோட்டார், 1930களின் பிற்பகுதியில் 35 மி.மீ. படச்சுருளைப் பயன்படுத்தும் ஆடிக்கருவிகளுக்காக வெளிவந்தது. வில்லைக்குப் பின்னால் ஆடி எழுந்து தாழ இடம் வேண்டும். எனவே வழக்கமான 50 மி.மீ. குவியத் தூரத்தை விடச் சற்றுக் கூடுதலான அளவு அதற்குப் பொருந்தியது.

கண்ணாடிப் பரப்புகளில் ஒளி தெறித்துச் சிதறுவதைக் குறைக்கும் மெல்லிய பூச்சு முறைக்கு 1935இல் அங்குப் பணியாற்றிய அலெக்சாண்டர் ஸ்மாகுலா காப்புரிமை பெற்றார். பழைய வில்லைகளில் சூரியனை நோக்கி எடுத்த படங்கள் வெளிறித் தோன்றுவதற்குப் பூச்சின்மையோ, ஒற்றை அடுக்குப் பூச்சோதான் பெரும்பாலும் காரணம்.

1945–46: பிளவும் பெயர்ப்பும்

1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை ஜெனாவைக் கைப்பற்றியது. அந்நகரம் சோவியத் பகுதிக்குரியது என்று முன்னரே முடிவாகியிருந்ததால், வெளியேறுமுன் சைஸ் நிறுவனத்தின் முதன்மை வல்லுநர்களைத் தன்னோடு மேற்கே அழைத்துச் சென்றது. அவர்களைக் கொண்டு ஓபர்கோஹன் ஊரில் மற்றொரு சைஸ் தொழிற்சாலை எழுந்தது. எஞ்சிய ஜெனாவின் எந்திரங்களில் பெரும்பகுதியை சோவியத் அரசு போர் இழப்பீடாகக் கழற்றி எடுத்துச் சென்றது. 1946 அக்டோபர் 22 அன்று, சோவியத் பகுதியில் வாழ்ந்த 2,000க்கும் மேற்பட்ட ஜெர்மன் வல்லுநர்கள் குடும்பத்தினரோடு ஒரே நாளில் தொடர்வண்டிகளில் ஏற்றப்பட்டனர். சைஸ் பணியாளர்களும் அவர்களுள் இருந்தனர். அவர்களில் பலர் 1950களின் முற்பகுதியில்தான் நாடு திரும்பினர்.

இப்பெயர்ப்பின் விளைவுகள் வில்லைகளிலேயே பதிந்துள்ளன. சைஸ் நிறுவனத்தின் கான்டாக்ஸ் கருவி, கீவ் நகரின் ஆர்செனல் தொழிற்சாலையில் கீவ் என்னும் பெயரில் உருவாயிற்று. லுட்விக் பெர்டெலே வடிவமைத்த சோனார் வில்லை, மாஸ்கோவை அடுத்த கிராஸ்னகோர்ஸ்க் தொழிற்சாலையில் முதலில் ஜெர்மன் கண்ணாடியைக் கொண்டும், பின்னர் சோவியத் கண்ணாடிக்கேற்ப மறுகணக்கிட்டும் தயாரிக்கப்பட்டு ஜூப்பிட்டர் எனப் பெயர் பெற்றது. பயோட்டாரும் அவ்வாறே மறுகணக்கிடப்பட்டு ஹீலியோஸ்-44 ஆயிற்று. 1958இல் ஸ்டார்ட் என்னும் கருவியோடு வெளிவந்த அது, பின்னர் ஸெனிட் வரிசைக் கருவிகளோடு பல தொழிற்சாலைகளில் பேரளவில் உற்பத்தியானது. இன்று பழைய பொருள் சந்தைகளில் ஹீலியோஸ் மலிவாகக் கிடைப்பதற்கு இப்பேரளவு உற்பத்தியே காரணம்.

பிளவுபட்ட இரு சைஸ் நிறுவனங்களும் பெயருரிமைக்காக நீண்ட வழக்காடின. மேற்கு நாடுகளில் விற்கப்பட்ட ஜெனா வில்லைகள் சைஸ் என்னும் பெயரை இழந்தன. டெஸ்ஸார் 'டி' என்றும், பயோட்டார் 'பி' என்றும், சோனார் 'எஸ்' என்றும் ஒற்றை எழுத்தாகச் சுருங்கின.

42 மில்லிமீட்டர் திருகு

வடிவமைப்பு பரவியது போரினால் என்றால், வில்லை நிலைத்தது பொருத்துமுறையினால். 1949இல் ட்ரெஸ்டன் நகரில் வெளிவந்த கான்டாக்ஸ் எஸ் கருவி 42 மி.மீ. விட்டமும் 1 மி.மீ. புரியிடைவெளியும் கொண்ட திருகைப் பயன்படுத்தியது. எளிய இத்திருகை கிழக்கு ஜெர்மனியின் பிராக்டிகா, ஜப்பானின் அசாஹி பென்டாக்ஸ், சோவியத் ஸெனிட் ஆகியவை ஏற்றன. அரசியலால் பிரிந்த நாடுகளின் வில்லைகள் ஒரே கருவியில் மாறிமாறிப் பொருந்தின. பென்டாக்ஸ் 1975இல் இத்திருகைக் கைவிட்ட பின்னரும் ஸெனிட் அதனைத் தொடர்ந்தது.

ஜப்பானிய வில்லைகளுக்கு உலகப் புகழ் வந்ததும் ஒரு பயணத்தோடு தொடர்புடையது. 1950இல் டோக்கியோவிலிருந்த லைஃப் இதழின் ஒளிப்படக்காரர் டேவிட் டக்ளஸ் டங்கன், ஜப்பானிய ஒளிப்படக்காரர் ஜுன் மிகியின் வாயிலாக நிக்கோர் வில்லைகளை அறிந்து, அவற்றைத் தம் லைக்கா கருவிகளில் பொருத்திக் கொரியப் போர்க்களம் சென்றார். அவ்வாண்டு டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் அவ்வில்லைகளைப் பற்றி எழுதியது. அன்று போற்றப்பட்டது அவற்றின் கூர்மை என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

ஆடியற்ற கருவிகளும் இரண்டாம் வாழ்வும்

ஒவ்வொரு வில்லையும் படத்தளத்திலிருந்து ஒரு குறிப்பிட்ட தூரத்தில் நின்றால்தான் தொலைவிலுள்ளவை தெளிவாகப் பதியும். எம்42 வில்லைகளுக்கு இத்தூரம் 45.46 மி.மீ. நிக்கான் ஆடிக்கருவிகளின் தூரம் 46.5 மி.மீ. ஆதலின், கண்ணாடியில்லாத வெறும் இணைப்பு வளையத்தைக் கொண்டு அவற்றில் எம்42 வில்லையைப் பொருத்தினால் தொலைதூர மலை குவியாது. கேனான் இ.எஃப். கருவிகளின் தூரம் 44 மி.மீ.; எஞ்சிய 1.46 மி.மீ. இடைவெளி ஒரு மெல்லிய வளையத்திற்குப் போதுமானது. ஆடியற்ற கருவிகளின் வருகை இத்தடையை அடியோடு நீக்கியது. 2008இல் வெளிவந்த பானசோனிக் ஜி1 கருவியில் இத்தூரம் ஏறத்தாழ 19 மி.மீ. மட்டுமே, சோனி 2010இல் அறிமுகப்படுத்திய இ-பொருத்துமுறையில் 18 மி.மீ. இதனால் ஏறக்குறைய எல்லாப் பழைய ஆடிக்கருவி வில்லைகளும் எளிய வளையத்தால் பொருந்தின. படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் மின்னணுக் காண்முகப்பு கையால் குவிப்பதையும் எளிதாக்கியது.

எனினும் ஜி1 கருவியின் உணரி சிறியது, 58 மி.மீ. வில்லை அதில் 116 மி.மீ. வில்லையின் பார்வைப் புலத்தையே தந்தது. படத்தின் ஓரங்கள் வெட்டுண்டன. 2013இல் சோனி ஏ7 ஆடியற்ற கருவியாகவும் 36×24 மி.மீ. உணரி கொண்டதாகவும் வெளிவந்தபோதுதான், இத்தகைய கருவிகளிலும் வில்லையின் முழுப்புலம் கிட்டியது.

குறை குணமான விதம்

ஹீலியோஸ் வில்லையின் புகழுக்குக் காரணம் அதன் ஓரங்களே. துளையை முழுதும் திறந்து அண்மையிலுள்ள ஒருவரைக் குவித்தால், பின்னணி இலைகளின் ஒளிப்புள்ளிகள் அவரைச் சுற்றிச் சுழல்வனபோல் தோன்றும். வில்லைக் குழலின் விளிம்பு சாய்கதிர்களை மறைப்பதும், ஓரப் பிறழ்ச்சிகள் முழுமையாகத் திருத்தப்படாமையும் இதன் காரணங்கள். மையொர்-கோர்லிட்ஸ் நிறுவனத்தின் மூன்று கண்ணாடி டிரையோபிளான், ஒளிப்புள்ளிகளைச் சோப்புக் குமிழிகளாகக் காட்டுவதும் இத்தகையதே. பென்டாக்ஸின் சில டாகுமார் வில்லைகளில் ஒளிவிலகல் எண்ணை உயர்த்தச் சேர்க்கப்பட்ட தோரியம், காலப்போக்கில் கண்ணாடியை மஞ்சளாக்கியது. புற ஊதா ஒளியில் வைத்து அந்நிறத்தைப் போக்குவோரும் உள்ளனர். அதன் இளஞ்சூட்டு நிறத்திற்காகவே விட்டுவைப்போரும் உள்ளனர்.

வடிவமைப்பாளர்கள் ஒழிக்க முயன்ற பிழைகளே இன்று தேடப்படும் அழகுகளாயின. இம்மாற்றத்திற்குச் சொல்லும் துணைநின்றது. குவியத்திற்கு வெளியே தோன்றும் மங்கலின் தன்மையைக் குறிக்கும் 'போக்கே' என்னும் ஜப்பானியச் சொல், 1997இல் அமெரிக்க இதழொன்றின் கட்டுரைகள் வழியே ஆங்கிலத்தில் பரவியது. பெயர் கிடைத்தபின் மங்கலும் மதிப்பீட்டுக்குரிய பண்பாயிற்று.

பகிர்வும் பதிவும்

இன்றைய வில்லை தன் பெயரையும் துளையளவையும் கருவிக்கு மின்தொடர்பால் தெரிவிக்கிறது. அவை படக்கோப்பில் தாமே பதிகின்றன. பழைய வில்லையில் அத்தொடர்பு இல்லை. கோப்பில் அவ்விடங்கள் வெறுமையாகவே நிற்கின்றன. ஆகவே ஆர்வலர் அவ்விவரங்களைத் தாமே நினைவிலிருத்தி எழுத வேண்டியுள்ளது. எந்தத் தொழிற்சாலையின் முத்திரை, எந்த வரிசை எண் என்பனவும் ஆராயப்படுகின்றன. பல சோவியத் வில்லைகளில் வரிசை எண்ணின் முதல் இரு இலக்கங்கள் தயாரிப்பு ஆண்டைக் குறிப்பவை. கைவினைப் பொருளின் காலத்தை அதன் முத்திரையால் அறியும் தொல்லியல் முறைக்கு இது நெருக்கமானது.

ஆயினும் இப்பதிவில் ஓர் இடைவெளி உண்டு. ஹீலியோஸ் 'பயோட்டாரின் நகல்' என்று ஒரு சொல்லில் முடிக்கப்படுகிறது. நகல் என்னும் சொல், கழற்றப்பட்ட எந்திரங்களையும், ஒரே நாளில் பெயர்க்கப்பட்ட குடும்பங்களையும், வேறு கண்ணாடிக்கு ஏற்ப முழுக் கணக்கையும் மீண்டும் செய்த சோவியத் பொறியாளர்களின் உழைப்பையும் ஒருங்கே மறைத்துவிடுகிறது.

முடிவுரை

பழைய வில்லைகளின் மறுவாழ்வு பழைமைப் பற்றினால் மட்டும் நேர்ந்ததன்று. ஜெனாவின் கணக்கைப் போர் கிழக்கே பெயர்த்தது. நாட்டெல்லைகளைக் கடந்த ஒரு திருகு அவ்வில்லைகளைப் பொதுவாக்கியது. ஆடியின் நீக்கம் அவற்றை மீண்டும் பயன்பாட்டிற்குக் கொணர்ந்தது. இம்மூன்றுள் எதையும் அவ்வில்லைகளை வடிவமைத்தவர்கள் எதிர்பார்த்திருக்க இயலாது. பயணப் படத்தின் கீழ் எழுதப்படும் வில்லையின் பெயர் அப்படம் எடுக்கப்பட்ட ஊரைப் போலவே மற்றொரு பயணத்திற்கும் சான்றாகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொழில்நுட்ப வரலாற்றை ஆராய்வோர் இக்குறிப்புகளைச் சான்றுத் தொகுதியாகக் கருதி முறைப்படி ஆராய்வது பயன் தரும்.