கேஸ் பில்லோடு வரும் அந்தப் பொடி எழுத்துத் தாள்: கட்டணம் ஏறும் முன்பே சொல்லியாக வேண்டும் என்ற விதி கலிஃபோர்னியாவில் எப்படி வேலை செய்கிறது?

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் குழாய் வழியாக கேஸ் வாங்கும் வீடுகளுக்கு மாதம் ஒரு பில் வரும். சில மாதங்களில் அந்தக் கவருக்குள் கூடுதலாக ஒரு தாளும் இருக்கும். பொடி எழுத்து, நடுவில் ஒரு அட்டவணை, மேலே ஒரு நீளமான எண். ஏதோ விளம்பரம்னு நினைச்சு நேரா குப்பைக்கூடையில் போடுறவங்கதான் அதிகம்.

ஆனால் அந்தத் தாளை அனுப்பாமல் கேஸ் கம்பெனியால் அந்த மாநிலத்தில் ஒரு வேலையைச் செய்ய முடியாது. கட்டணத்தை உயர்த்த அனுமதி கேட்கும் வேலைதான் அது.

ஃப்ரீமாண்ட், சன்னிவேல் பக்கம் இருக்கும் நம்ம ஊர்க்காரர்கள் வீட்டுக்கும் இது வரும். காகித பில் வேண்டாம்னு சொன்னவங்களுக்கு இமெயிலில் ஒரு லிங்க்காக வரும். அதை யார் திறந்து பார்க்கிறாங்க என்பது வேறு கதை. அந்த நோட்டீஸில் என்ன இருக்கு, எதற்கு வரும், முக்கியமா எதற்கு வராது? பார்க்கலாம்.

யார் கேட்கிறார்கள், யாரிடம்?

கலிஃபோர்னியாவில் கேஸ் விநியோகத்தின் பெரும்பகுதி தனியார் கம்பெனிகள் கையில் இருக்கிறது. வடக்கிலும் மத்தியிலும் பிஜி அண்ட் இ, தெற்கே சோகால்கேஸ், சான் டியாகோ பக்கம் எஸ்டிஜி அண்ட் இ. ஒரு தெருவில் ஒரு கம்பெனியின் குழாய்தான் ஓடும். பிடிக்கலைன்னா பக்கத்துக் குழாய்க்கு மாற முடியாது.

அதனால்தான் விலையை நிர்ணயிக்கும் அதிகாரம் கம்பெனியிடம் விடப்படவில்லை. சான் ஃபிரான்சிஸ்கோவில் இருக்கும் மாநிலப் பொதுப் பயன்பாட்டு ஆணையம், சுருக்கமாக சிபியூசி, அதைத் தீர்மானிக்கிறது. ஐந்து உறுப்பினர்கள். ஆளுநர் நியமிப்பார், மாநில செனட் உறுதி செய்ய வேண்டும். கம்பெனி மனு போட்டு, உயர்வு நியாயமானது என்று காட்டி, ஆணையம் ஏற்றுக்கொண்டால் மட்டுமே கட்டணம் மாறும். பொதுப் பயன்பாட்டுச் சட்டத்தின் 454வது பிரிவு சொல்வது இதைத்தான்.

பாலோ ஆல்டோ, லாங் பீச் போன்ற சில நகரங்களில் நகராட்சியே கேஸ் விற்கிறது. அங்கே முடிவெடுப்பது நகர மன்றம். இந்தக் கட்டுரையில் சொல்லும் நடைமுறை அவர்களுக்குப் பொருந்தாது.

நோட்டீஸில் என்ன இருந்தாக வேண்டும்?

"கட்டணம் சற்று மாறலாம்" என்று பொத்தாம்பொதுவாக எழுதிவிட்டுப் போக முடியாது. அதே 454வது பிரிவு இதையும் சொல்கிறது: உயர்வு எவ்வளவு என்பதை டாலரிலும் சொல்லணும், சதவீதத்திலும் சொல்லணும். மொத்தமாகவும் சொல்லணும், வீடு, கடை, தொழிற்சாலை என்று ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியாகவும் சொல்லணும். எதற்காக உயர்வு என்ற காரணம் வேண்டும். விசாரணை எப்போது, எங்கே என்ற தகவலைக் கேட்டு வாடிக்கையாளர் எழுதுவதற்கு ஆணையத்தின் முகவரியும் வேண்டும்.

டாலர், சதவீதம் இரண்டும் ஏன்? ஒன்றை மட்டும் போட்டால் ஏமாற்றுவது எளிது. "ஒரு தெர்முக்கு சில சென்ட்தான்" என்று எழுதினால் சின்னதாகத் தெரியும். தெர்ம் என்பது அங்கே கேஸை அளக்கும் அலகு. நம்ம வீட்டு 14.2 கிலோ சிலிண்டரில் இருக்கும் வெப்பம் ஆறு தெர்முக்குச் சற்று மேல் வரும். அங்கே குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கவும் இதே கேஸ்தான் என்பதால், சமையலுக்கு மட்டும் பயன்படுத்தும் நம்ம கணக்கு அங்கே செல்லாது. சில சென்ட் உயர்வு ஜனவரி பில்லில் கனமாக வந்து உட்காரும்.

அட்டவணையில் கேர் என்று ஒரு வரி தனியாக இருக்கும். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு கேஸ் பில்லில் 20 சதவீதம் தள்ளுபடி தரும் திட்டம் அது. தள்ளுபடியில் இருப்பவர்களுக்கும் உயர்வு உண்டு என்பதை அந்த வரி காட்டிக் கொடுத்துவிடும்.

எந்த வழியில், எத்தனை நாளில்?

பில் மாதம் ஒரு முறை வரும் வீடுகளுக்கு, மனு போட்ட 45 நாட்களுக்குள் பில்லோடு சேர்த்து நோட்டீஸ் போயிருக்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒரு பில் என்றால் 75 நாட்கள். பில் போக, 20 நாட்களுக்குள் அந்தந்த மாவட்டத்தில் விற்பனையாகும் செய்தித்தாளிலும் விளம்பரம் தரணும். நகர, மாவட்ட நிர்வாகங்களுக்கும் மாநில அட்டர்னி ஜெனரலுக்கும் தனியாகத் தகவல் போகும்.

சாதாரண குடும்பத்துக்கு இந்த உள்ளாட்சித் தகவல் பெரிய விஷயமாகத் தெரியாது. ஆனால் வக்கீல் வைத்து எதிர்த்து நிற்கக்கூடியவை நகர நிர்வாகங்கள்தான். முறைப்படி ஆட்சேப மனு போட, மனு ஆணையத்தின் தினசரிப் பட்டியலில் வந்த நாளிலிருந்து 30 நாள்தான் அவகாசம். பில்லோடு வரும் நோட்டீஸுக்கோ 45 நாள். அதாவது, வீட்டுக்குத் தாள் வந்து சேருவதற்குள் ஆட்சேபக் கெடு முடிந்துபோயிருக்கலாம்! கருத்து சொல்வதற்கு இந்தக் கெடு கிடையாது என்பது மட்டும் ஆறுதல்.

நோட்டீஸ் 2021இல், பில் ஏறியது 2024இல்

இந்தத் தாளை யாரும் பொருட்படுத்தாததற்கு ஒரு காரணம், அது ரொம்ப முன்கூட்டியே வந்துவிடுகிறது.

பிஜி அண்ட் இ-யையே எடுத்துக்கலாம். கேஸ், மின்சாரம் இரண்டுக்கும் சேர்த்து 2023ஆம் ஆண்டுக்கான பொதுக் கட்டண மனுவை அந்தக் கம்பெனி 2021 ஜூன் மாதம் தாக்கல் செய்தது. மனு எண் ஏ.21-06-021. முதல் இரண்டு இலக்கம் வருடம், அடுத்தது மாதம், கடைசியில் வரிசை எண். நோட்டீஸின் மேலே இருக்கும் அந்த நீள எண் இதுதான். எண் தெரிந்தால் ஆணையத்தின் இணையதளத்தில் மொத்த ஆவணத்தையும் பார்க்கலாம்.

ஒரு வருடத்துக்கு 1,500 கோடி டாலருக்கு மேல் வசூலிக்க அனுமதி கேட்டது கம்பெனி. ஆணையம் உத்தரவு போட்டது 2023 நவம்பரில். அனுமதித்த தொகை சுமார் 1,350 கோடி டாலர். 2024 ஜனவரியில் புதிய கட்டணம் அமலுக்கு வந்தது. சராசரி வீட்டுக்கு மாதம் 30 டாலருக்கு மேல் கூடியது. அப்போதுதான் "சொல்லவே இல்லையே" என்று சத்தம் எழுந்தது. சொன்னது இரண்டரை வருடத்துக்கு முன்னால்!

கேட்டதற்கும் கிடைத்ததற்கும் உள்ள இடைவெளியைக் கவனிங்க. நோட்டீஸில் இருக்கும் தொகை இறுதியானது கிடையாது. அது கம்பெனி கேட்கும் விலை. அதைக் குறைக்கத்தான் நடுவில் விசாரணை நடக்கிறது. இன்னொன்று, இந்தப் பொதுக் கட்டண மனு இப்போது நான்கு வருடத்துக்கு ஒரு முறை வருகிறது. முதல் வருட உயர்வோடு அடுத்த மூன்று வருட உயர்வும் ஒரே வழக்கில் முடிவாகிவிடும்.

நாம பேசினா கேப்பாங்களா?

பேசலாம். வக்கீல் தேவையில்லை, கட்டணமும் இல்லை. ஆணையம் பொதுமக்கள் பங்கேற்புக் கூட்டங்கள் நடத்தும். இப்போது பெரும்பாலும் போனிலும் ஆன்லைனிலும் நடக்கிறது. ஒருவருக்கு ஓரிரு நிமிடம் கிடைக்கும். நிர்வாக நீதிபதி ஒருவர் கேட்டுக்கொண்டிருப்பார். கூட்டத்துக்குப் போக முடியாதவர்கள் மனு எண்ணின் பக்கத்தில் கருத்தை எழுதிப் பதிவு செய்யலாம். அது வழக்கின் பதிவேட்டில் சேரும். எழுத்தில் வந்த கருத்துகளின் சுருக்கம் உத்தரவில் இடம்பெற வேண்டும்.

உண்மையைச் சொன்னா, "ஏற்கெனவே கஷ்டம், உயர்த்தாதீங்க" என்ற இரண்டு நிமிடப் பேச்சால் மட்டும் தொகை குறைவது அரிது. கணக்கு வழக்கைக் கிழிப்பது வேறு ஆட்கள். கலிஃபோர்னியாவில் ஆணையத்துக்குள்ளேயே, ஆனால் சுயேச்சையாக, பொது வழக்காடு அலுவலகம் என்று ஒன்று இருக்கிறது. வாடிக்கையாளர் தரப்பில் நின்று கம்பெனியின் செலவுக் கணக்கை வரி வரியாகச் சோதிப்பது அதன் வேலை. டர்ன் என்ற நுகர்வோர் அமைப்பும் பல வருடங்களாக இந்த வழக்குகளில் வாதாடுகிறது. இப்படி வாதாடி உத்தரவில் உருப்படியான பங்களிப்பு செய்தால், வக்கீல் செலவைத் திரும்பப் பெறவும் விதி உண்டு. அந்தச் செலவும் கடைசியில் வாடிக்கையாளர் கட்டணத்தில்தான் வந்து சேரும். ஆனாலும் பலன் உள்ள செலவு என்றுதான் சொல்லணும்.

உத்தரவின் வரைவு வந்த பிறகு, ஓட்டெடுப்புக்கு முன் 30 நாள் அது பொதுப் பார்வையில் இருக்கும். கடைசி நேரத் திருத்தங்கள் நடப்பது இந்த 30 நாளில்தான்.

நோட்டீஸே இல்லாமல் இரட்டிப்பான பில்

இவ்வளவு கட்டுப்பாடு இருந்தும், 2023 ஜனவரியில் தெற்கு கலிஃபோர்னியா வீடுகளுக்கு வந்த கேஸ் பில் பலரையும் ஆடிப்போக வைத்தது. முந்தைய குளிர்காலத்தில் 130 டாலர் கட்டியவருக்கு 300 டாலர் அளவில் வரலாம் என்று சோகால்கேஸே எச்சரித்தது. அந்த எச்சரிக்கை வந்தது சில நாட்களுக்கு முன்னால்தான். மனு இல்லை, விசாரணை இல்லை, அட்டவணை போட்ட தாளும் இல்லை.

எப்படி சாத்தியம்? கேஸ் பில்லில் இரண்டு பகுதி இருக்கு. ஒன்று, குழாய், பராமரிப்பு, ஊழியர் சம்பளம், கம்பெனி லாபம் எல்லாம் சேர்ந்த விநியோகக் கட்டணம். நோட்டீஸ், விசாரணை எல்லாம் பெரும்பாலும் இதற்குத்தான். இன்னொன்று, கேஸின் கொள்முதல் விலை. கம்பெனி சந்தையில் என்ன விலைக்கு வாங்குதோ, லாபம் வைக்காமல் அதையே வாடிக்கையாளரிடம் வசூலிக்க வேண்டும் என்பது விதி. லாபம் இல்லை என்பதால் வழக்கும் இல்லை. ஆணையத்துக்கு ஒரு கடிதம் கொடுத்து மாதாமாதம் மாற்றிக்கொள்ளலாம்.

அந்தக் குளிர்காலத்தில் மேற்குக் கடற்கரையில் கடும் குளிர், சேமிப்புக் கிடங்குகளில் இருப்பு குறைவு, மேற்கு டெக்சாஸில் இருந்து கேஸ் கொண்டுவரும் குழாய்ப் பாதையில் தடை. மூன்றும் சேர்ந்ததில் சோகால்கேஸின் கொள்முதல் விலை டிசம்பரில் தெர்முக்கு ஒரு டாலரைச் சற்றே தாண்டியிருந்தது, ஜனவரியில் மூன்று டாலரைத் தாண்டியது. பிப்ரவரியில் மறுபடி பாதிக்கும் கீழே இறங்கியது.

வழக்கமாக ஏப்ரலில் பில்லில் கழிக்கப்படும் காலநிலைச் சலுகைத் தொகையை முன்கூட்டியே தர பிப்ரவரி 2ஆம் தேதி ஆணையம் ஓட்டுப் போட்டது. சோகால்கேஸ் வீடுகளுக்கு அது சுமார் 50 டாலர். ஐந்து நாள் கழித்து விலை உயர்வு பற்றித் தனி விசாரணைக் கூட்டமும் நடந்தது. எல்லாம் பில் வந்த பிறகுதான்.

நோட்டீஸ் முறையின் பெரிய ஓட்டை இது. மெதுவாக ஏறும் பகுதிக்கு இரண்டரை வருட முன்னறிவிப்பு, திடீரென்று எகிறும் பகுதிக்குச் சில நாள் எச்சரிக்கை. கொள்முதல் விலைக்கும் விசாரணை வைத்தால் சந்தை விலை மாறுவதற்குள் உத்தரவு வராது என்று ஆணையத்தின் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. அடுத்த மாத விலையை முதல் மாதமே எஸ்எம்எஸ்ஸில் சொல்வதற்கு அந்த நியாயம் தடையாக இருக்கத் தேவையில்லை.

நம்ம ஊரில் எப்படி?

வீட்டு சிலிண்டருக்கு இப்படி ஒரு மனுவும் இல்லை, விசாரணையும் இல்லை. 2025 ஏப்ரல் 7ஆம் தேதி மத்திய அமைச்சர் 50 ரூபாய் உயர்வை அறிவித்தார். மறுநாளே அமல். சென்னையில் 818 ரூபாய் 50 காசாக இருந்த சிலிண்டர் 868 ரூபாய் 50 காசானது.

குழாய் கேஸ் இப்போது சென்னை, திருவள்ளூர், கோவை என்று பல இடங்களில் வீடுகளுக்கு வந்துகொண்டிருக்கிறது. அங்கே பெட்ரோலியம், இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம் என்று ஒரு வாரியம் இருக்கிறது. ஆனால் வீட்டுக்கு விற்கும் விலையை அது நிர்ணயிப்பதில்லை. டெல்லியில் கேஸ் விற்கும் இந்திரபிரஸ்தா கேஸ் கம்பெனி தொடர்ந்த வழக்கில், விலை நிர்ணயம் செய்ய வாரியத்துக்கு அதிகாரம் இல்லை என்று 2015 ஜூலை 1ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கம்பெனி விலையை மாற்றலாம், மாற்றிவிட்டுச் சொல்லலாம்.

கலிஃபோர்னியா முறைக்கு இங்கே பக்கத்தில் வருவது மின் கட்டணம்தான். 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 64வது பிரிவுப்படி கட்டண மனுவின் சுருக்கத்தை வெளியிட வேண்டும், மக்கள் கருத்தைப் பரிசீலித்து 120 நாட்களுக்குள் ஆணையம் உத்தரவு போட வேண்டும். 2022 ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னை மூன்று ஊர்களிலும் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. செப்டம்பர் 10ஆம் தேதி புதிய கட்டணம் வந்தது. அடுத்தடுத்த ஜூலை மாதங்களில் நடந்த உயர்வுகளுக்குப் புதிதாகக் கூட்டம் எதுவும் நடக்கவில்லை. விலைவாசிக் குறியீட்டை வைத்து வருடாவருடம் மாற்றலாம் என்பது அந்த 2022 உத்தரவிலேயே எழுதப்பட்டிருந்தது.