'ஆதாரபூர்வமானது' என்றால் எதற்கு ஆதாரம்?

போருக்குப் பின் வடக்கு, கிழக்கில் உளசமூகச் செயற்றிட்டங்கள் பல வந்து போயின. 'இது ஆதாரபூர்வமான முறை' என்று சொல்லியே பலவும் அறிமுகப்படுத்தப்படுகின்றன. அந்தச் சொல்லின் பொருளைத் திட்டத்தில் பங்குபற்றும் எமது மக்களும் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் வாசித்த திட்ட அறிக்கைகள் பலவற்றில் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் திருப்தி தெரிவித்தார்கள் என்ற கணக்கே ஆதாரமாகக் காட்டப்பட்டிருந்தது. அது திட்டம் நடந்ததற்கான சான்று; பயன் கிடைத்ததற்கான சான்று அல்ல.

மனக்காயம் பலருக்குக் காலப்போக்கில், உறவுகளின் துணையோடு, தானாகவே தணிகிறது. ஆகவே ஒருவர் தேறியது திட்டத்தாலா, காலத்தாலா என்று பிரித்தறிய வேண்டும். அதற்கு உறுதியான வழி, ஒத்த நிலையில் உள்ளவர்களைச் சீட்டுக் குலுக்குவதுபோல எழுமாற்றாக இரு குழுக்களாக்கி, ஒரு குழுவுக்கு மட்டும் உதவியை முதலில் வழங்கி, இரண்டையும் ஒரே அளவுகோலால் ஒப்பிடுவதாகும்.

அப்படி ஒப்பிட்டபோது, நல்லதென்று நம்பப்பட்டவை சில பொய்த்துப்போயின. அனர்த்தம் நடந்த கையோடு பாதிக்கப்பட்டவரை இருத்தி, நடந்ததை முழுவதும் சொல்லவைக்கும் முறையொன்று ஒரு காலத்தில் உலகெங்கும் பரவியிருந்தது. பிரித்தானியாவில் தீக்காயமடைந்தோரிடம் அதைச் சோதித்து 1997இல் முடிவை வெளியிட்டார்கள். 13 மாதங்களின் பின், அந்த அமர்வைப் பெற்றவர்களில் 26 வீதமானோருக்கு மனவடு நோய் இருந்தது. பெறாதவர்களில் 9 வீதமானோருக்கே இருந்தது. இன்று உலக சுகாதார ஸ்தாபனம் அந்த முறையைப் பரிந்துரைப்பதில்லை. அது முன்வைக்கும் உளவியல் முதலுதவியில், பேச விரும்பாதவரைப் பேசும்படி வற்புறுத்தக்கூடாது என்பது ஒரு விதி.

எமது மண்ணிலும் இத்தகைய ஆய்வு நடந்திருக்கிறது. வட இலங்கையில் போரால் பாதிக்கப்பட்ட 399 பாடசாலைப் பிள்ளைகளிடம் 15 அமர்வுகள் கொண்ட திட்டமொன்று சோதிக்கப்பட்டு, 2012இல் முடிவு வெளியானது. மனவடு, மனச்சோர்வு, பதகளிப்பு ஆகியவற்றில் ஒட்டுமொத்தமாகப் பயன் தெரியவில்லை. நடத்தைப் பிரச்சினைகள் குறைந்தன. ஆண் பிள்ளைகள் சில வகையில் பயன்பெற்றனர். ஆனால் பங்குபற்றிய பெண் பிள்ளைகளின் மனவடு அறிகுறிகள், காத்திருந்த பெண் பிள்ளைகளுக்குக் குறைந்த அளவுக்குக் குறையவில்லை. அளந்திராவிட்டால் இது எவருக்கும் தெரிந்திராது.

எனவே ஒரு திட்டம் எமது கிராமத்துக்கோ பாடசாலைக்கோ வரும்போது சில கேள்விகளைக் கேட்கலாம். யாரோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்கள்? எம்மைப் போன்றவர்களிடம் சோதித்தீர்களா? எவ்வளவு காலத்தின் பின் அளந்தீர்கள்? யாருக்காவது தீங்கு நேர்ந்ததா? இடையில் விலக விரும்பினால் விலகலாமா?

இன்னுமொன்றையும் சொல்லவேண்டும். சோதிக்கப்படாதவை எல்லாம் பயனற்றவை அல்ல. ஒப்பாரிக்கும் அந்தியேட்டிக்கும் நேர்த்திக்கும் இத்தகைய சோதனைகள் அரிது. அதனால் அவற்றைக் கைவிட வேண்டியதில்லை. அதேபோல், ஆதாரமுள்ள சிகிச்சைகூட எல்லாவற்றுக்கும் பதிலாகாது. காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடும் தாயின் தூக்கமின்மைக்கு உளவளத்துணை உதவக்கூடும். மகன் எங்கே என்ற கேள்விக்குப் பதில் சொல்லவேண்டியது உளவளத்துணையாளர் அல்ல.