குழந்தை பெற்ற பெண்ணுக்குச் சுறா புட்டு... பாட்டியிடம் எப்படிச் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் குரோம்பேட்டையில் ஏதாவது ஒரு மீன் கடையில் நின்று பாருங்கள். 'பொண்ணுக்குக் குழந்தை பொறந்திருக்கு, பால் சுறா இருக்கா?' என்று கேட்டு யாராவது வருவார்கள். பூண்டு தட்டிப்போட்ட சுறா புட்டு தாய்ப்பாலைப் பெருக்கும் என்பது நம் வீடுகளில் தலைமுறைகளாகத் தொடரும் நம்பிக்கை.

ஆனால், கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் தவிர்க்க வேண்டிய மீன்கள் என அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் தரும் பட்டியலில் சுறாவும் இருக்கிறது. காரணம், பாதரசம்.

சுறாவுக்குள் எப்படி வந்தது?

நிலக்கரி எரிப்பது போன்றவற்றால் வெளியேறும் பாதரசம் கடலில் சேர்கிறது. நுண்ணுயிரிகள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. சின்ன மீனில் துளியூண்டு இருக்கும். அதைத் தின்னும் பெரிய மீனில் சேர்ந்துகொண்டே போகும். பல வருஷம் வாழும் சுறாவில் அதிகம். சதையிலேயே கலந்திருப்பதால் கழுவினாலும் வேகவைத்தாலும் போகாது. கருவிலிருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கலாம்.

'மீனே வேணாம்' என்பதும் தப்பு!

கனடாவின் வடகோடியில் வாழும் இனுயிட் மக்களுக்கு சீல், திமிங்கில இறைச்சிதான் பாரம்பரிய உணவு. அதிலும் பாதரசம் உண்டு. 'சாப்பிடாதீங்க' என்று பயமுறுத்தினால், சத்தான உணவை விட்டுவிட்டுப் பாக்கெட் தின்பண்டங்களுக்கு மாறிவிடுவார்கள். அதனால் நுனாவிக் பகுதியில், 'கர்ப்பிணிகள் பெலுகா திமிங்கில இறைச்சியைக் குறைச்சுக்கோங்க, ஆர்க்டிக் சார் மீனை நல்லா சாப்பிடுங்க' என்று மாற்றையும் சேர்த்தே சொன்னார்கள். நமக்கும் அதுதான் வழி.

வீட்டில் இப்படிச் சொல்லிப் பாருங்கள்

* 'சுறா விஷம்' என்று ஆரம்பிக்காதீர்கள். 'பாட்டி, புட்டு வேணும்தான். மீனை மட்டும் மாத்திக்கலாமா?' என்று கேளுங்கள். பூண்டு, மிளகு எல்லாம் அவர் கைப்பக்குவத்திலேயே இருக்கட்டும்.

* மாற்று மீனின் பெயரைச் சொல்லுங்கள். நெத்திலி, மத்தி, கிழங்கான், இறாலில் பாதரசம் குறைவு. மத்தியில் ஒமேகா 3-யும் உண்டு. வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை தாராளமாகச் சாப்பிடலாம்.

* வஞ்சிரமும் பெரிய மீன்களைச் சேர்ந்ததுதான். அதன் நெருங்கிய சொந்தமான கிங் மேக்கரெல் அந்தத் தவிர்ப்புப் பட்டியலில் இருக்கிறது. கர்ப்ப காலத்தில் குறைத்துக்கொள்வது நல்லது.

* ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டீர்களா? பதற வேண்டாம். நிறுத்தினால், சில மாதங்களில் உடம்பிலிருந்து பாதரசம் மெள்ளக் குறையும். அதற்காகத் தாய்ப்பாலை நிறுத்திவிடாதீர்கள். குழந்தைக்கு பால் போதவில்லை என்று தோன்றினால் மருத்துவரைப் பாருங்கள். குழந்தை அடிக்கடி பால் குடிப்பதுதான் பால் சுரக்க முதல் மருந்து.

பாட்டி சமைப்பது பாசத்தால். அந்தப் பாசத்தைத் தட்டிவிடாமல், தட்டில் இருக்கும் மீனை மட்டும் மாற்றினால் போதும்!