வழிகாட்டியின் அமானிதம்

பழுப்பு நிலக்கரி நகராம் நெய்வேலியிலிருந்து உம்ராவுக்கும் அயல்நாடுகளுக்கும் புறப்படும் குடும்பத்தார், அறியாத ஊரில் எந்த வழிகாட்டியை, எந்த ஓட்டுநரை நம்புவது எனக் கவலுறுவதுண்டு. இதற்கு விடை ஹிஜ்ரத் வரலாற்றிலேயே இருக்கிறது.

கி.பி. 622இல் மக்காவைத் துறந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்களும் கூலிக்கு அமர்த்திய வழிகாட்டி அப்துல்லாஹ் பின் உரைகித். அவர் அப்போது இஸ்லாத்தை ஏற்றவரல்லர், குறைஷியரின் சமயத்தவர். ஆயினும் பாலைவழி நன்கறிந்தவர், நம்பிக்கைக்குரியவர். இரு ஒட்டகங்களை முன்னதாகவே அவரிடம் ஒப்படைத்து, மூன்று இரவுகளுக்குப் பின் தவ்ர் குகைக்கு வரப் பணித்தனர். பிடித்துத் தருவோருக்குக் குறைஷியர் 100 ஒட்டகங்கள் பரிசு அறிவித்திருந்தனர். அவரோ சொன்னபடி வந்தார்; கடற்கரை வழியே அழைத்துச் சென்றார்.

வழியறிவு, அமானிதம் ஆகிய இரண்டுமே அங்கு நோக்கப்பட்டன. நாமும் மலிந்த கூலிக்கும் இனிய பேச்சுக்கும் மயங்காது, முன்பு அவருடன் பயணம் செய்தோரிடம் விசாரித்தறிந்து அமர்த்துவோமாக!