இர்ரிட்டேட்டர்: விலைக்கு வாங்கப்பட்ட ஒரு மண்டையோட்டின் வரலாறு

இர்ரிட்டேட்டர் சேலஞ்சரி என்பது ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன் இன்றைய வடகிழக்கு பிரேசிலில் வாழ்ந்த ஓர் ஊனுண்ணி டைனோசர் ஆகும். நீண்ட மூக்கும் கூம்பு வடிவப் பற்களும் கொண்ட ஸ்பைனோசர் குடும்பத்தைச் சேர்ந்தது. இது வணிகர்கள் கைவைத்த ஒரு புதைபடிவத்தின் வழியாகவே அறிவியலுக்கு அறிமுகமானது.

விற்பனைக்கு வந்த கல்

பிரேசிலின் அராரிப்பே படுகையில் சுண்ணாம்புக் கல் உருண்டைகளுக்குள் மீன்கள், பறக்கும் ஊர்வனவான டெரோசர்கள் ஆகியவற்றின் எலும்புகள் கெடாமல் கிடைக்கின்றன. அவற்றைத் தோண்டி வெளிநாட்டு வணிகர்களுக்கு விற்பது அப்பகுதியில் நெடுங்காலமாக நடந்துவந்தது. அவ்வாறு வெளியேறிய ஒரு மண்டையோட்டை ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகர இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் வாங்கியது. எலும்பின் பெரும்பகுதி கல்லுக்குள் மறைந்திருந்ததால், முதலில் அது ஒரு பெரிய டெரோசரின் தலை என்றே கருதப்பட்டது.

வெளிப்பட்ட ஒட்டுவேலை

பின்னர் சி.டி. ஸ்கேன் செய்து பார்த்தபோது உண்மை தெரிந்தது. மூக்கின் முன்பகுதி இயற்கையானது அன்று. கூடுதல் விலைக்காக, உடைந்த எலும்புத் துண்டுகளை முன்னால் ஒட்டி, சாந்து பூசி, மூக்கை நீட்டியிருந்தார்கள்.

1996இல் டேவிட் மார்ட்டில் தலைமையிலான ஐவர் குழு இதனைப் புதிய டைனோசராக விவரித்தது. மூக்கு செயற்கையாக நீட்டப்பட்டிருந்ததை அறிந்தபோது தங்களுக்கு உண்டான எரிச்சலையே அவர்கள் பேரினப் பெயராக வைத்தார்கள். 'சேலஞ்சரி' என்பது ஆர்தர் கோனன் டாயில் 1912இல் எழுதிய 'தி லாஸ்ட் வேர்ல்ட்' நாவலில் வரும் பேராசிரியர் சேலஞ்சரைக் குறிக்கும்.

குழப்பம் அத்துடன் தீரவில்லை. முதல் கட்டுரை இவ்விலங்கைப் பறவைகளுக்கு நெருங்கிய டைனோசர் கூட்டத்தில் சேர்த்தது. அதே ஆண்டிலேயே பிரேசில் அறிஞர் அலெக்சாண்டர் கெல்னர் அது ஸ்பைனோசர் என்று எடுத்துக்காட்டினார். கல்லையும் சாந்தையும் நீக்கித் துப்புரவு செய்தபின் 2002இல் வெளிவந்த மறு ஆய்வு அம்முடிவை உறுதிப்படுத்தியது.

1996இலேயே அதே பாறை அடுக்கிலிருந்து கிடைத்த ஒரு மூக்கு நுனிக்கு அங்கத்துராமா என்று பெயரிடப்பட்டது. இரண்டும் ஒரே விலங்கின் பகுதிகளாக இருக்கலாம் என்று சிலர் கருதினர்; பின்வந்த ஆய்வு அதை மறுத்தது. எலும்பு எங்கே, எந்த நிலையில் எடுக்கப்பட்டது என்ற குறிப்பு இருந்திருந்தால் இந்த விவாதத்தை எளிதில் தீர்த்திருக்கலாம். தோண்டி விற்றவர்கள் அதை எழுதிவைக்கவில்லை. மூக்கில் பூசிய சாந்தைச் சுரண்டி எடுத்துவிடலாம். தொலைந்த இடக்குறிப்பை மீட்க முடியாது.

சட்டம்

பிரேசிலின் 1942ஆம் ஆண்டுச் சட்டப்படி புதைபடிவங்கள் நாட்டின் சொத்து. எனவே இர்ரிட்டேட்டரைத் திருப்பித் தர வேண்டும் என்று அந்நாட்டு ஆய்வாளர்கள் குரல் எழுப்பியுள்ளனர். அராரிப்பேயிலிருந்து சென்ற உபிராஜாரா என்னும் மற்றொரு டைனோசரை ஜெர்மனி 2023இல் திருப்பி அளித்தது.

வாங்குவோருக்கான பாடங்கள்

ஓர் அருங்காட்சியகமே ஏமாந்த இடத்தில், இணையத்தில் படத்தை மட்டும் பார்த்து வாங்குபவர் எவ்வளவு எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று சொல்ல வேண்டியதில்லை. வாங்கும் முன் கீழ்க்கண்டவற்றைக் கவனிக்கலாம்:

* நாடு, ஊர், பாறை அடுக்கின் பெயர் ஆகிய மூன்றையும் விற்பவர் சொல்ல வேண்டும். 'டைனோசர் எலும்பு' என்று மட்டும் சொன்னால் அது அடையாளம் ஆகாது. அந்நாட்டுச் சட்டம் ஏற்றுமதியை அனுமதிக்கிறதா என்பதையும் கேட்க வேண்டும்.
* மொராக்கோவிலிருந்து ஸ்பைனோசர் பற்கள் ஏராளமாக விற்பனைக்கு வருகின்றன. அதே பாறைகளில் முதலைப் பற்களும் கிடைப்பதால் ஒன்று மற்றொன்றாக விற்கப்படுவதுண்டு. ஒரு பல்லின் மேற்பகுதியை வேறொன்றின் வேரோடு மணலும் பசையும் கொண்டு ஒட்டுவதும் உண்டு. நிறமோ வரிகளோ நடுவில் திடீரென மாறினால் ஐயப்பட வேண்டும்.
* முட்டை என்று விற்கப்படும் உருண்டைகள் பலவும் வெறும் கற்களே. உண்மையான முட்டையில் மெல்லிய ஓடும் அதில் நுண்துளைகளும் தெரியும்.
* உருப்பெருக்கிக் கண்ணாடியில் காற்றுக் குமிழிகள் தென்பட்டால் அது பிசினில் வார்த்த நகலாக இருக்கலாம். புற ஊதா விளக்கில் பசையும் சாந்தும் பெரும்பாலும் எலும்பிலிருந்து வேறுபட்டு ஒளிரும்.
* உடையாமல், குறையில்லாமல் மலிவாகக் கிடைப்பதையே முதலில் சந்தேகிக்க வேண்டும். எந்தப் பகுதி செப்பனிடப்பட்டது என்று தாமே சொல்லும் விற்பனையாளரே நம்பத் தகுந்தவர்.

போலி மூக்கு நீங்கியபின், இர்ரிட்டேட்டரின் தலை ஸ்பைனோசர் குடும்பத்தில் மிக முழுமையாகக் கிடைத்த மண்டையோடுகளுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது. விலையைக் கூட்டுவதற்காக ஒட்டிய பகுதிதான் அதில் மதிப்பே இல்லாத பகுதியாக இருந்தது.