பன்றிக்குடலில் இருந்து பன்றியின் செல்லுக்கு

கோவை ஆஸ்பத்திரிகளில் டயாலிசிஸ் குழாய்க்குள் ரத்தம் கட்டாமல் ஓடுவதற்குப் போடும் ஹெப்பாரின், பெரும்பாலும் பன்றிக்குடலின் உட்சவ்வில் இருந்து எடுப்பது. நோயாளிகளில் பலருக்கு இது தெரியாது. யாரும் எடுத்துச் சொல்வதுமில்லை.

ஆனால் அதன் தடம் முதலில் தென்பட்டது நாயின் ஈரலில். 1916இல் பால்டிமோரில் ஜே மெக்லீன் என்ற மருத்துவ மாணவர், ரத்தத்தை உறைய வைக்கும் பொருளைத் தேடிப்போய் உறைய விடாத ஒன்றில் முட்டிக்கொண்டார். அவருடைய ஆசிரியர் ஹாவெல் அந்தத் தேடலைத் தொடர்ந்தார். 1930களில் டொராண்டோவில், இன்சுலின் புகழ் சார்லஸ் பெஸ்ட்டின் குழு மருந்தைச் சுத்தமாக்கி நோயாளியிடம் கொண்டுசேர்த்தது. நெடுங்காலம் மாட்டு நுரையீரலும் மூலப்பொருளாக இருந்தது. 1990களில் பைத்தியமாட்டு நோய்ப் பயம் வந்ததும் பன்றிக்குடலே முதன்மையானது. பன்றி என்றால் சீனா. 2018இல் ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் அங்கே நுழைந்தது. சீனத்து மூலப்பொருள் விலை ஏறியதால் 2020 ஜூனில் இந்திய அரசு ஹெப்பாரின் ஊசியின் உச்சவரம்பு விலையை 50 சதவீதம் உயர்த்த அனுமதித்தது.

இதற்கிடையே ஹெப்பாரின் வேறொரு வழியில் பன்றியிடமே திரும்பிப் போயிருந்தது. சினைப்பன்றிகளுக்குக் கருச்சிதைவும் குட்டிகளுக்கு மூச்சுத்திணறலும் தரும் பி.ஆர்.ஆர்.எஸ். வைரஸோடு, செல் வளர்ப்புத் தட்டில் ஹெப்பாரினைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு 1997இல் வெளியானது. தொற்று குறைந்தது. 2002இல் பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தார் பன்றி நுரையீரலின் மேக்ரோஃபேஜ் செல்களிலும் அதையே கண்டார்கள். செல்லின் மேற்பரப்பில் ஹெப்பாரினின் உறவுக்காரச் சர்க்கரைச் சங்கிலியான ஹெப்பாரன் சல்ஃபேட் நீட்டிக்கொண்டு நிற்கிறது. வேட்டியில் நாயுருவி விதை ஒட்டுகிற மாதிரி வைரஸ் முதலில் ஒட்டுவது அதில்தான். நாம் ஊற்றும் ஹெப்பாரின் முந்திக்கொண்டு வைரஸைப் பிடித்துக்கொள்கிறது.

அப்படியானால் பண்ணையில் ஊசி போடலாமே என்றால், கூடாது. பன்றிக்கு ரத்தக்கசிவு வரும். தொற்று குறைந்ததே தவிர முழுக்க நிற்கவுமில்லை. ஒட்டுவது முதல் படி மட்டும். உள்ளே போக சி.டி.163 என்ற புரதம் வேண்டும். அதை மாற்றிப் பிறப்பித்த பன்றிகளுக்குத்தான் 2025இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. தட்டில் தெரிவதை அப்படியே நம்பவும் முடியாது. சாதாரணப் பன்றிக்காய்ச்சல் வைரஸைத் திரும்பத் திரும்பச் செல்களில் வளர்த்தால், ஹெப்பாரன் சல்ஃபேட்டைப் பிடிக்கும் வகை தலைதூக்குகிறது என்று 2000இல் டச்சு ஆய்வாளர்கள் காட்டினார்கள். அது ஆய்வகத்தில் பழகிய பழக்கம்.

இந்த நோய்கள் நமக்குத் தூரத்துச் சங்கதி இல்லை. பி.ஆர்.ஆர்.எஸ். 2013இல் மிசோரமுக்கு வந்தது. ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் 2023 ஜனவரியில் முதுமலைக் காட்டுப்பன்றிகளையே சாய்த்தது. உடுமலைப்பேட்டையை அடுத்த பண்ணைக்கிணறில் 2020இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிப்பவர் நாளை ஒரு பன்றிக்கு ரத்தம் எடுக்கையில், கையில் பச்சை மூடிக் குழாயும் ஊதா மூடிக் குழாயும் இருக்கும். பச்சையில் ஹெப்பாரின். பி.சி.ஆர். சோதனைக்கு அது ஆகாது. வைரஸைப் பற்றும் அதே எதிர்மின்னூட்டத்தால் சோதனையின் நொதியையும் பிடித்து முடக்கிவிடும். ரத்தத்தில் வைரஸ் இருந்தும் ரிசல்ட் ‘இல்லை’ என்று வரலாம். எடுக்க வேண்டியது ஊதாவை.